வாசற்படியில் வந்து படுத்த ஆறு

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் விடிந்தபோது, நூர்கா ஆறு தன் படுகையை விட்டு எழுந்து, உறைபனி பூத்த புல்வெளிகளைக் கடந்து, மரத்தால் கட்டிய எங்கள் பழைய கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி, வாண்டாவின் முட்டைக்கோஸ் பாத்திகளை நனைக்காமல் ஒதுங்கி வந்து, ப்ரோனியாவின் வீட்டு வாசற்படியில் தலை வைத்துப் படுத்திருந்தது. முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு வாண்டாதான். பால் கறக்கக் கிளம்பியவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வந்துட்டியா? வர்றதுக்கு இவ்வளவு நாளா?" என்று ஆற்றிடம் கேட்டாள். பிறகு மாடு கத்தியதால் தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

ஆறு எப்படி எழுந்து வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஏன் வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போலந்தின் கிழக்கு ஓரத்தில், வரைபடத்தை மடித்தால் சரியாக மடிப்பில் விழுந்து தேய்ந்துபோகிற இடத்தில் இருக்கிறது எங்கள் க்மினா. க்மினா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே அலுவலகத்தில் கட்டிப்போட்ட சில ஊர்கள், அவ்வளவுதான். எங்களுடையதற்கு ஓல்ஷினி என்று பெயர். சுற்றுலாக்காரர்களுக்காக அந்த அலுவலகம் அச்சடித்த வழவழப்பான தாளில் எங்களைப் பற்றி எல்லாம் போட்டிருக்கிறது: வடக்கே காலங்காலமாகச் செத்த புல்லும் பாசியும் அழுந்திக் கரியாகிப்போன சதுப்பு, தெற்கே ஈரத்தில் கால் ஊன்றி நிற்கும் ஆல்டர் மரக் காடு, உலகத்தைப் பனி மூடியிருந்த யுகத்தில் எங்கிருந்தோ உருண்டு வந்து வயல் நடுவே உட்கார்ந்துவிட்ட வைக்கோல்போர் அளவுப் பாறை, பாதை பிரியும் இடமெல்லாம் ஒரு குருசடி, கம்பம் நட்ட இடமெல்லாம் உச்சியில் ஒரு செங்கால் நாரைக்கூடு, இத்தனைக்கும் நடுவே எந்த அவசரமும் இல்லாமல் வளைந்து வளைந்து போகிற நூர்கா. "அமைதியான ஆறு, குழந்தைகளோடு வரலாம்" என்பது அந்தத் தாளின் கடைசி வரி. கலினா போன பிறகும் அந்த வரியை எடுக்கவில்லை. அச்சடித்தது தீரட்டும் என்றார்கள்.

கலினா ப்ரோனியாவின் ஒரே மகள். ப்ரோனியா பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். புருஷன் என்று ஒருவன் இருந்தான். நார்வேக்கு மீன் வெட்டும் வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான், ஒரு கட்டில், ஒரு கணப்பு, ஓயாத பேச்சு.

குளிர்காலத்தை வழியனுப்ப எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தம் தொடங்கும் நாளில் வைக்கோலில் ஒரு பெண் செய்து, பிர்ச் மரக் குச்சியில் கட்டி நிறுத்தி, பழைய உடுப்பு மாட்டி, மஜன்னா என்று பெயர் சொல்லி, பாட்டுப் பாடிக்கொண்டே ஆற்றுக்குத் தூக்கிப் போவோம். அவள்தான் குளிர்காலம். அவளைத் தண்ணீரில் போட்டால்தான் நாரைகள் வரும். வேறு ஊர்களில் கொளுத்திப் போடுவார்கள். நல்ல துணியைக் கொளுத்துவானேன் என்று நாங்கள் காலில் கல்லைக் கட்டிப் போடுகிறோம். தண்ணீரில் போனால் மட்டும் துணி திரும்பி வருமா என்று எங்களைக் கேட்காதீர்கள், பதில் கிடையாது. ஒரு வருஷம் கல் கட்ட மறந்து, மே மாதம் வரை பனி பெய்ததாக மட்டும் சொல்வார்கள். பாலத்திலிருந்து போட்ட பிறகு வீடு வந்து சேரும் வரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் குளிர்காலம் நம் முகத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும்.

மஜன்னாவுக்கு உடுத்துகிற வேலை எப்போதும் ப்ரோனியாவுடையது, ஊசி பிடித்தால் அவள் கைக்கு நிகர் கிடையாது. ஆறு எழுந்து வந்த வருஷம் வசந்தத்தில் அலமாரியைத் திறந்து கலினாவின் சிவப்புக் கோட்டை எடுத்தாள்.

"அம்மா, அது என்னுது."

"கையெல்லாம் முழங்கைக்கு வந்துருச்சு பாரு. வளந்துட்டே. புதுசு வாங்கித் தரேன்."

"அது வர்ற வரைக்கும் குளிருமே?"

"இன்னையோட குளிர்காலம் போயிருதுடி, பைத்தியம்."

பாலத்திலிருந்து போட்டோம். சிவப்பாக ஒரு சுழி சுழித்து முழுகியது. அப்படியே திரும்பி, கோவில் வரைக்கும் ஊர் மொத்தமும் ஒரே பாட்டு, கைத்தட்டல், கும்மாளம். அந்த வருஷம் பாட்டு நன்றாக அமைந்தது என்று வேறு பேசிக்கொண்டோம். தன் வீட்டு வாசலில் நின்று ப்ரோனியா பின்பக்கம் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ளக் கை வரவில்லை.

கலினா கோட்டை எடுக்கத் திரும்பிப் போயிருந்தாள். பாலத்தடி நாணலில் அவளுடைய கம்பளிக் கையுறை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் படகும் கொக்கியும் நாயும் கொண்டுவந்து வாரக்கணக்கில் தேடினார்கள். பிள்ளை கிடைக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க, பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ப்ரோனியா நேரே ஆற்றங்கரைக்குப் போய் நின்று திட்டினாள். ஒரு தாய் எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவும் திட்டினாள், குரல் கம்மும் வரை திட்டினாள், அடுத்த நாள் குரல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து திட்டினாள். நூர்கா தலையைக் குனிந்துகொண்டு போனது. அந்தக் கோடையில் ஆற்றில் ஒரு மீன் துள்ளி யாரும் பார்க்கவில்லை. பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு. யாருக்கு யார் இல்லையோ அவரவர் மேட்டில் அவரவர் ஏற்றிய விளக்கு. ப்ரோனியாவுக்கு ஏற்றி வைக்க ஒரு மேடு கூட இல்லை. கையில் விளக்கோடு கல்லறைக்கும் வீட்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றவள், ஆற்றங்கரைக்குப் போய் அதை மண்ணில் வைத்தாள்.

"ஓடிக்கிட்டே இருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள். "மனசுன்னு ஒண்ணு இருந்தா என் வாசலுக்கு வா. வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

ஆறு வந்தது.

ப்ரோனியா வாசலைத் திறந்து பார்த்தாள். கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து பின்கட்டு வழியாகத்தான் போக்குவரத்து. ஆறு படியில் தலை வைத்தபடி கிடந்தது, மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டு.

எங்கள் ஊர் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். க்மினா அலுவலகத்திலிருந்து வந்த அளவையாளர் முக்காலியை நட்டு எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, வெள்ளம் என்றால் அதற்கு ஒரு விதி இருக்கிறது, ஆக்கிரமிப்பு என்றால் அதற்கும் ஒன்று இருக்கிறது, மன்னிப்புக் கேட்க வந்த ஆற்றுக்கு விதியே இல்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். பங்குச்சாமியார் முதல் ஞாயிறு அதைப் பேய் என்று நினைத்துத் தீர்த்தம் தெளித்தார், தண்ணீர்மேல் தண்ணீரைத் தெளித்து என்ன ஆகும். அடுத்த ஞாயிறு மனசு மாறி, பாவத்தை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவரை விரட்டக் கூடாது என்று பிரசங்கம் வைத்தார். தபால்காரர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். தூண்டில்காரர்கள் தூண்டிலைப் பரணில் போட்டார்கள். ஒருவர் துக்கத்தில் இருக்கும் வாசலில் மீன் பிடிக்கலாமா? ஆண்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றினார்கள், அது ப்ரோனியாவுக்கா ஆற்றுக்கா என்று அவர்களுக்கே தெரியாது.

காய்ந்த படுகையில் இறங்கித் தேடலாம் என்று சொன்னவர் ஊர்த்தலைவர் இக்னாத்ஸி. தேடினோம். போன யுத்தத்து இரும்புத் தொப்பிகள் கிடைத்தன, அதற்கு முந்தின யுத்தத்துத் தொப்பிகள் கிடைத்தன, ஒரு சைக்கிள், கல்யாண மோதிரம், ஆலைத் தெருவில் ஒரு காலத்தில் வாழ்ந்த யூதர்களின் பித்தளை விளக்குத் தண்டு ஒன்று. அந்தத் தெருவில் இன்று திருப்பிக் கொடுக்க ஆளில்லை. பள்ளிக்கூட ஜன்னலில் கொண்டுவந்து வைத்தோம். பிறகு பாலத்துக்கடியில் இருந்த ஆழப் பள்ளத்துக்கு வந்தோம்.

அங்கே எங்கள் மஜன்னாக்கள் எல்லோரும் இருந்தார்கள். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது போட்டவர்கள், எங்கள் அப்பன் ஆத்தாள் பிள்ளைகளாக இருந்தபோது போட்டவர்கள், கல் கட்ட மறந்த அந்த ஒருத்தியைத் தவிர ஒருவரும் விடாமல், வரிசையாக, மல்லாந்து படுத்திருந்தார்கள். பாவாடைகள் கணுக்கால் வரை இழுத்துவிடப்பட்டிருந்தன. வைக்கோல் தலைகளில் நீர்ப்பாசி பின்னப்பட்டிருந்தது. நாங்கள் காலில் கட்டிய கல்லை ஆறு அவிழ்த்து, அவரவர் தலைக்கு அணையாக வைத்திருந்தது. கொலைகாரி கொலைகாரி என்று நாங்கள் அத்தனை மாதம் சொன்னது இந்த ஆற்றை.

கடைசியில் சிவப்புக் கோட்டு போட்டவள் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு படுக்கை, மணலைத் தட்டிச் சமன் செய்து, தலைமாட்டில் வழவழப்பான கல் ஒன்று வைத்து, தயாராக இருந்தது. அதில் யாரும் இல்லை.

"கல்லு கட்டினவங்களைத்தான் அதால நிறுத்த முடிஞ்சிருக்கு," என்றார் இக்னாத்ஸி, பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. "அந்தப் பிள்ளை கால்ல கல்லு இல்லையே. பெரிய ஆத்துக்குப் போயி, கடலுக்கே போயிருக்கும்."

கோட்டை வாண்டா எடுத்து வந்தாள். ப்ரோனியாவும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், கதவைத் தட்டாமல் உள்ளே போகிற உரிமை உள்ளவள், அன்றைக்குத் தட்டினாள்.

"ப்ரோனியா, கோட்டு கெடச்சிருக்கு."

"அவ?"

வாண்டா கோட்டின் ஈரத்தைப் பிழிந்தாள்.

"ஆணியில மாட்டிட்டுப் போ," என்றாள் ப்ரோனியா உள்ளிருந்து.

பின்கட்டு ஆணியில் கோட்டு தொங்கியது. சொட்டியது, காய்ந்தது, பனியில் விறைத்துக் கையை அகட்டிக்கொண்டு நின்றது. டிசம்பர் வந்தது. கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. வாண்டாவின் மாடுகள் வெறும் தொட்டியை நக்கின. அதைவிட மோசம், சதுப்பு காய்ந்து அடியில் கனலத் தொடங்கியது. கரிமண் ஒரு தடவை பற்றிக்கொண்டால் மழைக்கும் அணையாது, மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வந்து வீட்டைத் தின்னும். காலையில் ஜன்னலைத் திறந்தால் புகைநாற்றம். பங்குச்சாமியாரையும் வாண்டாவையும் கூட்டிக்கொண்டு இக்னாத்ஸி ப்ரோனியாவின் பின்கட்டுக்குப் போனார், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

"ப்ரோனியா, உங்க மனசு எங்களுக்குத் தெரியும். ஆனா கிணத்துல தண்ணி இல்லைங்க. சதுப்பு புகையுது. மார்ச்சுல நாரை வந்தா ஒரு தவளை இருக்காது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது போயிரும்."

"என்ன வார்த்தை?"

"மன்னிச்சுட்டேன்னு."

"என் பிள்ளையைக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அதுகிட்ட இல்லைம்மா," என்றார் சாமியார். "எல்லாரும் பாத்துட்டோம். அதுகிட்ட இல்ல."

"அப்போ எதுக்குச் சாமி என் வாசல்ல கெடக்கு?"

வாண்டாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நீ ஒருத்தி அழுறதுக்கு ஊரே காயணுமாடி?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ப்ரோனியா தன் வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு டம்ளர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, எங்கள் வீடுகளில் முதல் நட்சத்திரம் தெரியும் வரை யாரும் சாப்பிட மாட்டோம். மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் இருக்கும். வீட்டு ஆட்கள் தவிர, யாராவது வந்தால் உட்காரட்டும் என்று ஒரு தட்டு அதிகம் இருக்கும். அன்றைக்குக் கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது, விரோதியாக இருந்தாலும். சாப்பிடும் முன் மெல்லிய வெள்ளை அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து, செய்த பிழையை மன்னிக்கச் சொல்லிக் கேட்போம். மாட்டுக்குக்கூட ஒரு துண்டு உண்டு.

கெண்டைமீன் குழம்பு கொண்டுபோன வாண்டா ப்ரோனியாவின் மேஜையைப் பார்த்தாள். இரண்டு தட்டு இருந்தது. ஒன்று ப்ரோனியாவுடையது. இன்னொன்று விளிம்பு உடைந்த, கசகசாப் பூ வரைந்த தட்டு. கலினா அதில்தான் சாப்பிடுவாள்.

"விருந்தாளித் தட்டு எங்கடி?"

"என் வீட்டுக்கு யாரு வரப் போறா."

வாண்டா குழம்பை வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஊரே வெளியில்தான் இருந்தது, நட்சத்திரத்துக்காக வானத்தைப் பார்த்தபடி, வறண்ட நாக்கோடு. சதுப்புப் புகைக்கு மேலே முதல் நட்சத்திரம் தெரிந்தது. அப்போது ப்ரோனியாவின் வாசற்படியில் கிடந்த ஆறு, மேலே மிதந்த பனிக்கட்டி ஒன்றை எடுத்துக் கதவைத் தட்டியது. நிறுத்தியது. மறுபடியும் தட்டியது.

ப்ரோனியா கதவைத் திறந்தாள்.

ஆறு கணுக்கால் உயரத்துக்கு உள்ளே வந்தது, காலணியைக் கழற்றிவிட்டு வருகிறவர்களைப் போல் அடக்கமாக வந்தது. கணப்பை அணைக்காமல் சுற்றிப் போய், கசகசாப் பூத் தட்டு இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. நாற்காலியில் ஏறவில்லை. உட்காரச் சொல்லட்டும் என்று காத்திருந்தது. ப்ரோனியா அந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால், அதில் உட்கார வேண்டியவள் இனி வர மாட்டாள் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். அதைத்தான் அவள் இத்தனை மாதமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஆற்றை மன்னிக்காதவரை கணக்கு முடியவில்லை, முடியாதவரை மகள் எங்கோ இருக்கிறாள். வாசலில் கூடி நின்ற எங்களுக்கு அப்போதுதான் அது புரிந்தது, புரிந்து வெட்கமாக இருந்தது.

"அவ கூப்பிட்டா," என்றாள் ப்ரோனியா ஆற்றிடம். "உனக்குத் தெரியும். இவங்கெல்லாம் பாடிக்கிட்டு இருந்தாங்க, இவங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. அம்மான்னு கூப்பிட்டா. கோட்டுக்குத்தான் அழுறான்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கக் கூடாதேன்னு நெனச்சேன். ஒரு தடவைதான் கூப்பிட்டா. நான் திரும்பல."

தண்ணீர் அசையவில்லை.

"வருஷா வருஷம் பொம்பளப் பிள்ளைக்கு உடுத்திவிட்டு உன்கிட்ட குடுத்தது நாங்க. நான் உடுத்திவிட்டேன். எது வைக்கோலு, எது பிள்ளைன்னு உனக்கு என்ன தெரியும்? கோட்டு ஒண்ணுதானே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதன் கால் மரத்தரையில் கிரீச்சிட்டது, எங்கள் எல்லோர் நெஞ்சிலும் கிரீச்சிட்டது. அப்பத்தைப் பிட்டு, பாதியைக் கலினாவின் தட்டில் வைத்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்," என்றாள். "என்னை யாரு மன்னிப்பா?"

ஆறு நாற்காலியில் ஏறி, மேஜையில் ஏறி, தட்டிலிருந்த அப்பத்தை எடுத்துக்கொண்டது. பிறகு ப்ரோனியாவின் விரல்களைத் தொட்டு, மணிக்கட்டில் ஏறி, முழங்கை வரை ஏறி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் அழுதோம், இக்னாத்ஸி தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஆறு இறங்கி, வந்த வழியே, வாண்டாவின் பாத்திகளை நனைக்காமல், கோவிலைச் சுற்றிக்கொண்டு தன் படுகைக்குப் போய்ச் சேர்ந்தது.

கிறிஸ்துமஸ் விடியலில் கிணறுகளில் தண்ணீர் இருந்தது. சதுப்பு உஸ்ஸென்று ஒரு நாள் முழுக்கச் சீறி அணைந்தது. மாடுகள் குடித்தன. எங்களுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ப்ரோனியா ஒரு வாரம் கழித்து வாண்டாவிடம் சொன்னாள்: "தூக்கமே வர மாட்டேங்குது. வாசல்ல ஒரு சத்தமும் இல்ல."

மார்ச்சில் நாரைகள் வந்தன. வசந்த நாளில் யாரும் வைக்கோல் எடுக்கவில்லை, யாரும் யாரையும் எடுக்கச் சொல்லவும் இல்லை. வெறும் கையோடு பாலத்துக்குப் போய் நின்றோம், வேறு எங்கே போவது என்று தெரியாமல். கடைசியாக ப்ரோனியா வந்தாள். கையில் சிவப்புக் கோட்டு இருந்தது. ஆணியிலிருந்து எடுத்து, துவைத்து, தன் கல்யாணப் பாவாடையிலிருந்து சிவப்புத் துணி வெட்டிக் கோட்டின் கைகளை நீளமாக்கியிருந்தாள். கீழ் மடிப்பையும் அவிழ்த்து இறக்கித் தைத்திருந்தாள். தையல் வெளியே தெரியவில்லை.

"கொஞ்சம் பெருசாவே வச்சிருக்கேன்," என்றாள் வாண்டாவிடம். "ஒரு வருஷம் ஆச்சுல்ல. வளந்திருப்பா."

வாண்டா கோட்டின் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள். ப்ரோனியா பாலத்தின் கம்பிமேல் குனிந்தாள்.

"கல்லு கட்டல," என்றாள் ஆற்றிடம். "அவ போன வழியிலயே கொண்டு போ. வழியில எங்கயும் நிக்காத. குளிருதுன்னு சொல்லிட்டிருப்பா."

கோட்டு தண்ணீரில் விழுந்து கைகளை விரித்தது. ஆறு அதை முழுக விடாமல் தாங்கிக்கொண்டு, எங்கள் ஆறு எப்போதும் போகாத வேகத்தில் கிளம்பியது. நாங்கள் பழக்கத்தில் திரும்பி, பழக்கத்தில் நாலடி நடந்தோம். ப்ரோனியா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் இக்னாத்ஸி நின்றார், பிறகு சாமியார், பிறகு வாண்டா, பிறகு பிள்ளைகள், எல்லோரும் நின்று திரும்பி, ஆல்டர் காட்டு வளைவில் அந்தச் சிவப்பு மறையும் வரை பார்த்தோம்.

அந்த வருஷம் மே மாதம் வரை பனி பெய்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.